ஆறு கிழமை, பன்னிரண்டு பேர், ஒரு கேள்வி

வாசகர் கேள்வி–பதில்

ஆனர்ஸ் படிக்கும் மாணவர்கள் தங்கள் துறைக்கு முற்றிலும் வெளியே உள்ள ஒரு விடயத்தை, விரும்பியவர் மட்டும் சேர்ந்து, சில கிழமைகளுக்குள் படித்து முடிக்கும் சிறு வகுப்புகள் பற்றிக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் பீடத்தில் “செமினார்” ஒன்று தொடங்கப் போகிறார்கள். வீட்டில் சொன்னால் “ஏ.எல். முடிஞ்ச பிறகும் செமினாரா?” என்று சிரிக்கிறார்கள். இது என்ன, எதற்கு?
— இரண்டாம் வருட மாணவி, ஏறாவூர்

பதில்: வீட்டார் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர்களில் செமினார் என்றால் பரீட்சைக்கு முந்திய மாதம், மண்டபம் நிறையப் பிள்ளைகள், ஒலிபெருக்கியில் ஒரு சேர், கையில் மாதிரி வினாத்தாள். நீங்கள் சேரப் போவது அதற்கு நேர் எதிர். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். பாடம் அவர்களில் எவருக்கும் தெரியாதது. கணக்கியல் படிக்கிறவர் நாட்டார் பாடலைப் படிக்கலாம், விலங்கியல் படிக்கிறவர் நாணயங்களைப் படிக்கலாம். முன்தகைமை கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது.

வெளிநாடுகளில் இது பழைய வழக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி, எம்.ஐ.டி., 1971 முதல் ஜனவரியில் நான்கு கிழமைகளை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. பொறியியல் மாணவர் அந்த நாட்களில் வேறு எதையாவது கற்கலாம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு பேராசிரியர் பொறுப்பு நிற்க, மாணவர்களே வகுப்பு நடத்துவதும் உண்டு.

கேள்வி: ஒரு கிரெடிட் என்கிறார்கள். ஒரு கிரெடிட்டுக்கு எவ்வளவு வேலை? ஜி.பி.ஏ.யை (தரப்புள்ளிச் சராசரியை) இது இழுத்து விழுத்திவிடுமா?
— மூன்றாம் வருடம், முகாமைத்துவம், ஒலுவில்

பதில்: இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி நான்கு வருட ஆனர்ஸ் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட்டுகள் வேண்டும். கற்பிக்கப்படும் பாடத்தில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவழிக்கும் நேரம் மொத்தம் 50 மணித்தியாலம். அதில் வகுப்பு 15 மணித்தியாலம். ஆறு கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம் வகுப்பில் இருப்பீர்கள். மிச்சம் 35 மணித்தியாலம் உங்கள் சொந்த வேலை, கிழமைக்கு ஆறு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. “சும்மா ஒரு கிரெடிட்” என்று சேர்கிறவர்கள் சறுக்கும் இடம் இந்த ஆறு மணித்தியாலம்தான்.

ஜி.பி.ஏ.யில் சேருமா என்பது பீடத்துக்குப் பீடம் வேறுபடும். மாணவர் கைந்நூலில் அந்தப் பாடத்தின் குறியீட்டுக்கு நேரே ஜி.பி.ஏ. கணிப்பில் சேரும், சேராது என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பதியுங்கள், கூட்டாளி சொன்னதை நம்பிப் பதியாதீர்கள். எங்கள் அபிப்பிராயம் ஒன்றுதான்: இவ்வகை வகுப்புக்குச் சித்தி, சித்தியில்லை என்ற இரண்டு முடிவு போதும். தெரியாத துறைக்குள் கால் வைக்கிறவருக்கு ஏ, பி, சி என்று புள்ளி போட்டால் அவர் தெரிந்த பக்கமே போவார்.

வரவையும் கணக்குப் பாருங்கள். 80 வீத வரவு கேட்கும் பீடமாயின், ஆறில் ஒன்றைத் தவறவிட்டால் 83 வீதம், தப்பிவிடுவீர்கள். இரண்டைத் தவறவிட்டால் 67. கதை முடிந்தது.

கேள்வி: நான் இலக்கியத் துறையில் படிப்பிக்கிறேன். அறிவியல், முகாமைத்துவ மாணவர்களுக்கு இப்படி ஒன்று நடத்தக் கேட்டிருக்கிறார்கள். “தமிழ் இலக்கிய அறிமுகம்” என்று ஆறு விரிவுரை எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?
— விரிவுரையாளர், மட்டக்களப்பு

பதில்: இல்லை. “அறிமுகம்” என்ற சொல்லையே முதலில் வெட்டுங்கள். சங்கத்திலிருந்து இன்றுவரை ஆறு கிழமையில் ஓடினால் மாணவர் கையில் மிஞ்சுவது பெயர்ப் பட்டியல். ஒரு கேள்வியை மட்டும் எடுங்கள், அதுவும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். “ஒரு தாலாட்டில் அடி எங்கே முறிகிறது, ஏன் அங்கே முறிகிறது?” என்பது ஆறு கிழமைக்குக் காணும். மாணவரின் அம்மம்மாவிடம் பாட்டைப் பதிந்து வரலாம், எழுதலாம், அசை பிரிக்கலாம். இலக்கணம் தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவுக்கு வரும்.

பன்னிரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். 150 நிமிட வகுப்பில் நீங்கள் 40 நிமிடம் பேசி, 10 நிமிடம் தேநீருக்கு விட்டால், மிச்சம் 100 நிமிடம். பன்னிரண்டு பேரென்றால் ஆளுக்கு எட்டு நிமிடம், ஒரு ஆள் தன் சந்தேகத்தைச் சொல்லி அது பிழையென்று தானே கண்டுபிடிக்கக் காணும். இருபத்தைந்து பேரென்றால் ஆளுக்கு நான்கு நிமிடம், அது இடாப்புக் கூப்பிடத்தான் போதும். ஆறு பேருக்குக் கீழே போனாலும் கஷ்டம். இரண்டு பேர் வராத நாளில் வகுப்பு படுத்துவிடும்.

வாசிப்பைக் குறையுங்கள். பழக்கமில்லாத துறையில், அதுவும் ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்று வையுங்கள். கிழமைக்கு 12 பக்கம் கொடுத்தால் இரண்டு மணித்தியாலம், படித்து வருவார்கள். 60 பக்கம் கொடுத்தால் ஒருவர் படித்து மற்றவர்களுக்கு வட்ஸ்அப்பில் சுருக்கம் அனுப்புவார். தமிழில் படித்து வந்தவர்களுக்குக் கிழமைக்கு எட்டுக் கலைச்சொற்கள் கொண்ட ஒரு தாள் கொடுங்கள். தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பு, ஒரு வசனம். எட்டுக்கு மேல் வேண்டாம்.

இனி, அடிக்கடி நடக்கும் பிழைகள். வெளிக்களப் பயணத்தைக் கடைசிக் கிழமைக்குப் பரிசுபோல் வைப்பது முதலாவது. பார்த்ததைப் பற்றிப் பேசப் பிறகு கிழமை இல்லை. அதை இரண்டாம் கிழமைக்குக் கொண்டு வாருங்கள். ஆறு கிழமைக்கு ஆறு சிறப்பு விருந்தினரைக் கூப்பிடுவது இன்னொன்று. ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார்கள், மாணவர் ஆறு முன்னுரை கேட்பார்கள். ஒருவர் போதும், அவரும் நான்காம் கிழமையில். மாணவரிடம் அதற்குள் கேட்பதற்குக் கேள்வி இருக்கும்.

மதிப்பீட்டுக்குக் கிழமைக்கொரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: வகுப்புக்கு முன் என்ன நினைத்தேன், என்ன பார்த்தேன், எங்கே மாட்டினேன். கடைசியில் ஒரு சிறு பொருள், மேலே சொன்ன வகுப்பானால் அசை பிரித்த ஒரு தாலாட்டும் ஒரு பக்க விளக்கமும். பரீட்சை வைக்காதீர்கள்.

நேரம் பற்றியும் ஒரு சொல். வெள்ளி நண்பகலைத் தொடாதீர்கள், ஜும்ஆத் தொழுகை இருக்கிறது. நோன்பு மாதத்தில் பின்னேர வகுப்பு வேண்டாம், காலையில் வையுங்கள். நவம்பர், டிசம்பரில் வெளிக்களம் வைத்தால் மழையிடம் மாட்டுவீர்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இருந்தால் கடைசி பஸ்ஸைக் கேட்டுவிட்டு முடியும் நேரத்தைப் போடுங்கள். இதெல்லாம் சின்ன விடயமாகத் தெரியும். வகுப்பு குலைவது பெரும்பாலும் இதால்தான்.

கேள்வி: அனுமதி எடுக்க என்ன நடைமுறை? ஒரு வருடமாக இழுபடுகிறது.
— பெயர் வேண்டாம் என்கிறார், அம்பாறை

பதில்: கிரெடிட்டோடு என்றால் பாட விபரத்தாள் துறையிலிருந்து பீடச்சபைக்கும் அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச்சபையான மூதவைக்கும் போகவேண்டும். தாளில் பாடத்தின் பெயர், கிரெடிட், கற்றல் பேறுகள், கிழமைத் திட்டம், மணித்தியாலப் பிரிப்பு, மதிப்பீடு, வாசிப்பு ஆகியன இருக்கவேண்டும். திரும்பி வரும் தாள்களில் பெரும்பாலும் மணித்தியாலக் கணக்குத்தான் பிழைத்திருக்கும். 15ஐயும் 35ஐயும் வேறு வேறாகக் காட்டுங்கள், 35இல் வாசிப்பு எவ்வளவு, களம் எவ்வளவு, எழுத்து எவ்வளவு என்றும் பிரியுங்கள். இழுபடும் காலத்தில் கை கட்டி இருக்கவேண்டாம். கிரெடிட் இல்லாமல், துறைத்தலைவரின் சம்மதத்தோடு ஒருமுறை நடத்திப் பாருங்கள். நடந்த வகுப்பின் கொப்பிகளை இணைத்து அனுப்பும் தாளுக்கு மறுப்புச் சொல்வது கஷ்டம்.

கேள்வி: கலைப்பீட மாணவர்களுக்கு அறிவியல் செமினார் ஒன்று வைக்க ஆசை. ஆய்வுகூடம் தரமாட்டார்கள், காசும் இல்லை. ஏதாவது யோசனை?
— உதவி விரிவுரையாளர், வந்தாறுமூலை

பதில்: பூமியை அளவுங்கள். உங்கள் வளாகமும் ஒலுவில் வளாகமும் சேர்ந்தால் போதும். பெரிய செலவு இல்லை.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த எரத்தோஸ்தனீஸ் செய்ததுதான் இது. தெற்கே சயீனில், இன்றைய அஸ்வானில், கோடையின் உச்ச நாளில் நண்பகலில் கிணற்றின் அடிவரை வெயில் விழும். அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நிழல் விழும், வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு சரிவு, அதாவது 7.2 பாகை. இரண்டு ஊருக்கும் இடைத்தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. முதல் கிழமை முழுவதும் இதிலேயே போகட்டும். சூரியக் கதிர்கள் சமாந்தரமாக வருகின்றன என்று ஏன் எடுத்தார்? பூமி தட்டையாக இருந்து சூரியன் கிட்ட இருந்தாலும் இதே நிழல்கள் விழாதா? மெய்யியல் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் விழித்துக்கொள்வார்கள்.

இரண்டாம் கிழமை கருவி. 2 மீற்றர் உயரத்தில் ஒரு மட்டை, ஒரு சாண் அகலம், நடுவில் 4 மில்லிமீற்றர் துளை. அதை நேரான மரக்கம்பிலோ இரும்புக் குழாயிலோ கட்டுங்கள், பிவிசி குழாய் வேண்டாம், வெயிலில் வளையும். வெறுங்கம்பின் நிழலை அளக்க முடியாதா என்று கேட்பார்கள். முடியும், ஆனால் சூரியன் வானில் அரைப் பாகை அகலம். 2 மீற்றர்க் கம்பின் நுனிநிழல் அதனால் கிட்டத்தட்ட 18 மில்லிமீற்றருக்கு மங்கிப்போகும். இரண்டு வளாகங்களின் அளவுகளுக்கிடையே நீங்கள் தேடும் வித்தியாசமும் அதே அளவு! துளை வழியே விழும் ஒளிவட்டத்துக்கு இரண்டு விளிம்பு உண்டு. இரண்டையும் குறித்து நடுவை எடுக்கலாம்.

அளவு தொடங்கும் புள்ளி கம்பின் அடி அல்ல. கம்பு ஒரு பாகை சரிந்திருந்தால் 35 மில்லிமீற்றர் பிழை வரும், எல்லாம் நாசம். துளையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, குண்டு தொடும் இடத்தைக் குறியுங்கள். அதையும் காலை எட்டு மணிக்கே செய்யுங்கள். பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழும்பினால் குண்டு ஒரு இடத்தில் நிற்காது. குறித்த பிறகு கம்பை யாரும் தொடக்கூடாது. ஒரு ஆளைக் காவலுக்கே விடலாம், ஆடுமாடு திரியும் வளாகங்கள் அல்லவா.

நாள் மார்ச் 20, 21 அளவில் இருக்கட்டும். ஜனவரியில் முகில், ஏப்ரல் நடுவில் புத்தாண்டு விடுமுறை. அந்த நாட்களில் இங்கே சூரியன் தென்வடல் கோட்டைக் கடப்பது 12.10 மணி அளவில். 11.50 முதல் 12.30 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிவட்டத்தின் நடுவைக் குறியுங்கள். குண்டுப் புள்ளியிலிருந்து குறுகிய தூரத்தில் உள்ள குறிதான் நண்பகல். ஒலுவிலில் அந்தத் தூரம் 256 மில்லிமீற்றர் அளவில் வரவேண்டும், வந்தாறுமூலையில் 274. மாணவருக்கு இந்த எண்களை முன்கூட்டியே சொல்லாதீர்கள், சொன்னால் அவர்களின் கண் அதையே பார்க்கும்.

கணக்கு சின்னது. தூரத்தை உயரத்தால் வகுத்து, கைபேசிக் கணிப்பானில் நேர்மாறு தான்சன் (tan⁻¹) எடுத்தால் கோணம். இரண்டு கோணத்தின் வித்தியாசம் அரைப் பாகை. இரண்டு வளாகங்களுக்கும் வடக்குத் தெற்காக உள்ள இடைவெளி சுமார் 55 கிலோமீற்றர். பஸ் ஓடும் தூரத்தைப் போடுகிறவர் கட்டாயம் ஒருவர் இருப்பார். கரையோர வீதி தென்கிழக்காகச் சரிந்து போகிறது, அது கூடுதல் தூரம், போடக்கூடாது. 360ஐ அரையால் வகுத்து 55ஆல் பெருக்கினால் 39,600 கிலோமீற்றர். உண்மைச் சுற்றளவு கிட்டத்தட்ட 40,000.

அப்படியே 39,600 வருமென்று எதிர்பார்க்காதீர்கள். 18 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் 2 மில்லிமீற்றர் பிழைத்தாலே விடை பத்து வீதத்துக்கு மேல் புரளும். 36,000இலிருந்து 45,000 வரை வந்தால் நல்ல அளவு. ஐந்தாம் கிழமையை இந்தப் பிழைக்கே விடுங்கள். எந்த அளவு எவ்வளவு பிழைத்தால் விடை எவ்வளவு மாறும் என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்க்கட்டும். வரலாறு படிக்கிற பிள்ளைக்குச் சான்றை எடைபோட இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பது எங்கள் எண்ணம்.

மார்ச்சைத் தவறவிட்டு ஏப்ரல் 9 அளவில் செய்கிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அன்று சூரியன் இரண்டு வளாகங்களுக்கும் இடைப்பட்ட ஓர் இடத்தின் உச்சியில் நிற்கும். ஒலுவிலில் ஒளிவட்டம் தெற்கே விழும், வந்தாறுமூலையில் வடக்கே விழும். அன்று கோணங்களைக் கழிக்கக்கூடாது, கூட்டவேண்டும்.

கேள்வி: நான் கணிதம் ஆனர்ஸ். கூத்துச் செமினாரில் பெயர் கொடுத்துவிட்டேன். ஆட்டம் வராது, வெட்கமாகவும் இருக்கிறது. விலகலாமா?
— மாணவன், வாழைச்சேனை

பதில்: விலகவேண்டாம். ஊரில் கூத்துப் பழகுவதென்றால் ஆடுகிறவருக்கு அவரவர் பாத்திரத்தின் ஏட்டைக் கொடுக்கும் ‘சட்டம் கொடுப்பதில்’ தொடங்கி, கிழமைக்கூத்து, சதங்கை அணிதல் என்று மாதக்கணக்கில் போய்த்தான் அரங்கேற்றம். ஆறு கிழமையில் உங்களை வட்டக்களரியில் ஏற்ற எந்த அண்ணாவியாரும் துணியமாட்டார். நல்ல செமினாரென்றால் ஒரே ஒரு பாத்திரத்தின் வரவுத் தாளத்தை எடுத்து, மத்தளத்தைக் கேட்டு, கையால் தட்டி, காலால் நடந்து பார்ப்பார்கள். நான்கு எண்ணிக்கை ஓடும்போது மூன்று எண்ணிக்கை அடி வைத்தால் பன்னிரண்டில்தான் இரண்டும் சந்திக்கும் என்று உங்களுக்குக் கடதாசியில் தெரியும். காலுக்குத் தெரியாது. முதல் இரண்டு கிழமை கூசும், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். கூத்தின் இரண்டு பாணிகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டத்தில் என்ன வேறுபாடு என்று முதல் நாளே கேட்காதீர்கள். நான்காம் கிழமையில் நீங்களே சொல்வீர்கள்.

கேள்வி: மகள் வணிகம் ஆனர்ஸ் செய்கிறா. “யாழ் பற்றிப் படிக்கப் போறன்” என்கிறா. கணக்கு படிக்கிற பிள்ளைக்கு இது நேர விரயம் இல்லையா?
— ஒரு தகப்பன், காரைதீவு

பதில்: இந்தக் கேள்வி காரைதீவிலிருந்து வந்ததுதான் வேடிக்கை. உங்கள் ஊரில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ் என்ற பழைய நரம்பு வாத்தியம் பற்றிய அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. பழைய இசை இலக்கணத்தை அவர் கணக்கு வழியிலும் ஆராய்ந்தார்.

மகளிடம் வீட்டிலேயே ஒன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு நீளப் பலகை, இரண்டு முனையிலும் ஆணி, உள்ளே 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு மரத்துண்டு, மேலே இழுத்துக் கட்டிய தங்கூசி. முழு நீளத்தில் மீட்டினால் வரும் சுரத்தைக் குரல் (பழந்தமிழ் இசையில் ‘ச’வின் பெயர்) என்று வையுங்கள். 40 சென்ரிமீற்றரில் மீட்டினால் அதன் ஐந்தாம் சுரமாகிய இளி, 45இல் நான்காம் சுரமாகிய உழை, 30இல் மேல் குரல். 3க்கு 2, 4க்கு 3, 2க்கு 1. வட்டிக் கணக்குப் பார்க்கிறவருக்கு விகிதம் புதிதல்ல, அது காதுக்குக் கேட்பதுதான் புதிது. நைலோன் முதல் நாள் நெகிழ்ந்துகொண்டே இருக்கும், கட்டி ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் இறுக்கச் சொல்லுங்கள். நடுவில் நகர்த்தும் துண்டு நரம்பை உயர்த்தாமல் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். உயர்த்தினால் நரம்பு கூடுதலாக இழுபட்டுச் சுரம் ஏறிவிடும், பிறகு கணக்கும் காதும் ஒத்துவராது.

வகுப்புக்கு வெளியே கிழமைக்கு ஆறு மணித்தியாலம், ஆறு கிழமை. பிள்ளை கேட்கட்டும், விடுங்கள்.

கேள்வி: மட்டக்களப்பையே பொருளாக வைத்து ஆங்கிலத்துறை மாணவர்களுக்கு ஒரு தலைப்பு சொல்லுங்கள்.
— மாணவர் சங்கம், வந்தாறுமூலை

பதில்: ஐரோப்பிய வம்சாவழியினரான மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் வீடுகளில் இன்னும் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது போர்த்துக்கேயம் உள்ளூர் மொழிகளோடு கலந்து உருவான மொழி. நூறு சொற்கள் பதிந்து, அவற்றில் எவை எங்கள் பேச்சுத் தமிழிலும் இருக்கின்றன என்று பாருங்கள். அலுமாரி, சப்பாத்து, யன்னல், மேசை என்று தொடங்கும். பதியமுன் சம்மதம் கேளுங்கள், பதிவின் ஒரு பிரதியை அந்த வீட்டுக்கே கொடுங்கள், ஒரே வயோதிபரிடம் பன்னிரண்டு பேரும் போய் நிற்காதீர்கள். இரண்டிரண்டு பேராக, ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம்.